ஆடிக் காற்றுக்கு ஒட்டிய காகிதம்

1

இன்று போகி. காலையில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வெளியே புல்தரை உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் வெளுத்திருந்தது. நானும் என் கணவரும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக மேஜை முன்னால் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் உமா, கையுறையைக் கழற்றாமலே உப்புமா சாப்பிட முயன்றுகொண்டிருந்தாள்.

வாசலில் பால் புட்டியை எடுக்க வந்த பக்கத்து வீட்டு மிஸஸ் ஹோல்ட் எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எதையாவது தீய்ச்சிட்டியா, கண்ணு?" என்று கேட்டார். வட இங்கிலாந்தின் இந்த ஆலை நகரத்தில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் எல்லாரையும் இப்படிச் செல்லமாகத்தான் அழைக்கிறார்கள். வந்த புதிதில் நான் பயந்தே போனேன். இப்போது யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால், நம்மீது கோபமோ என்று தோன்றுகிறது.

"இல்லை, வீட்டைக் காயவைக்கிறோம்" என்றேன்.

"இந்தப் பனியிலா?" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊரில் இதைப் படிக்கும் சகோதரிகளும் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு மணிக்கு உமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. போன வருஷம் இதே பொங்கல் வாரத்தில்தான் மார்ச்சளியோடு அவளை அங்கே சேர்த்தோம். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "அடுத்த குளிர்காலத்தின் நடுவில் கொண்டுவாருங்கள். அப்போதும் நெஞ்சில் சத்தம் இருந்தால், மலைப்பக்கத்துக் குழந்தைகள் விடுதியில் சில மாதங்கள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்."

சில மாதங்கள். அவர் அதை மழை வரும் என்பதுபோல் சொன்னார். நான் அதைச் சுமந்துகொண்டு ஒரு வருஷம் நடந்தேன்.

2

அந்த ஆஸ்பத்திரியில் தாயார் உடன் தங்கக் கூடாது. மாலையில் சிறிது நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். நர்சுகள் அன்பானவர்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் உமாவுக்கு அப்போது தமிழ் மட்டும்தான் தெரியும். தண்ணி, தண்ணி என்று கேட்டு அழுதிருக்கிறாள். அங்கே யாருக்கும் புரியவில்லை. நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டு நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் அவளாகவே 'வாட்டர்' கற்றுக்கொண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வாட்டர்தான்.

"கத்துக்கினா நல்லதுதானே" என்றார் என் கணவர்.

"நல்லதுதாங்க."

"அப்பால ஏன் மூஞ்சிய அப்படி வச்சிக்கினு இருக்க?"

நல்லதுதான். ஆனால் ஒரு சொல்லைத் தாகத்தோடு கற்றுக்கொண்டாளே என்றுதான் இருந்தது. சில மாதங்கள் அவளை விடுதியில் வைத்தால், திரும்பி வரும்போது எந்தச் சொல் மிச்சமிருக்கும் என்றும் இருந்தது.

ஆகவே இந்தக் குளிர்காலத்துக்கு நான் பங்குனியிலிருந்தே தயாரானேன். இந்த வீட்டுக்குள் குளிர் நுழையக் கூடாது. அதுதான் எண்ணம்.

3

இந்த நாட்டுக்கு வரப்போகும் பெண்களுக்கு உதவுமே என்று சிலவற்றைச் சொல்கிறேன். நான் எல்லாம் அறிந்தவள் அல்ல. தப்பாகச் செய்ததையும் பிறகு சொல்லத்தான் போகிறேன்.

நிலக்கரியைக் கோடையிலேயே வாங்கிவிட வேண்டும். அப்போது விலை குறைவு. வெயிலில் கரி மூட்டையை இறக்கும்போது அக்கம்பக்கத்தார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டிலும் அன்றுதான் இறக்கினார்கள். தரை விரிப்புக்கு அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பினால் பாதத்தில் ஏறும் குளிர் பாதியாகக் குறையும். மாதா கோயில் மண்டபத்தில் பழைய சாமான் விற்கும் நாளில் முதல் ஆளாகப் போய் நின்றால் நல்ல போர்வை கிடைக்கும். தயங்கி நின்றால் பூ ஜாடிதான் கிடைக்கும். எனக்கு முதல் தடவை பூ ஜாடிதான் கிடைத்தது.

என் கணவர் கம்பளி ஆலையில் சாயப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஓரம் சரியில்லை என்று கழித்த துண்டுத் துணிகளை ஆலையில் வேலைக்காரர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். அவற்றை இணைத்து, உள்ளே பஞ்சுக் கழிவை அடைத்து, உமாவுக்கு ஒரு ரஜாய் தைத்தேன். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் போலீஸ் நீலம். அழகில்லை. ஆனால் கனமாக, நன்றாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. நான்குக்கும் சூடு போட எங்களால் ஆகாது. காசு போட்டால்தான் மின்சாரம் தரும் மீட்டர் ஷில்லிங்கை விழுங்கும் வேகத்தைப் பார்த்தால் விளக்குப் போடவே மனம் வராது. அதனால் மேல்மாடியைப் பூட்டினோம். கட்டிலைக் கழற்றிக் கீழே பின்னறையில் போட்டோம். சமையல், சாப்பாடு, படுக்கை, உமாவின் பொம்மை எல்லாம் ஒரே அறையில். இதை மிஸஸ் ஹோல்ட் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அது கஷ்டமே இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் ஆறு பேர் புரண்டு படுத்தோம்.

கடைசியாக ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கினோம். அதற்கு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போய்க் 'கெரசின்' என்று கேட்டேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு நின்ற உமா, அலமாரியில் இருந்த டின்னைக் காட்டி, "பாராஃபின்மா" என்றாள். நான் பள்ளி இறுதி வகுப்பில் ஆங்கிலத்தில் பரிசு வாங்கியவள். வரும் வழியில் அவளோடு பேசவில்லை. பிறகு, சின்னப் பிள்ளையிடம் இதென்ன கோபம் என்று மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

4

இனி நான் பெருமைப்பட்ட காரியத்துக்கு வருகிறேன்.

பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் காற்று என்றால் ஆகாது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூலைப் பாவு என்போம். பட்டுப் பாவு தலைமுடியைவிட மெல்லியது. ஆடி மாதக் காற்று வேகவதி ஆற்று மணலை வாரிக்கொண்டு தெருவுக்குள் வரும்போது, அந்த வறட்சியில் இழைகள் பட் பட்டென்று அறுந்துபோகும். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு விழுந்த சேலையை, வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஆனிக் கடைசியில் அம்மா அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள். ஜன்னல் சந்து, கதவிடுக்கு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள வெளிச்சம், எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டுவது என் வேலை. நான் ஒட்டினால் நைனா ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து பார்ப்பார். புகை நேராக எழும்பினால் தலையை ஆட்டுவார்.

அந்தக் கலையை இங்கே இறக்கினேன். இங்கிலாந்தின் ஜன்னல்கள் எங்கள் ஊர் ஜன்னலைவிட மோசம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும். மூன்று நாள் கஞ்சி காய்ச்சினேன். வேலையிலிருந்து வந்த என் கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னாமா இது, வூட்டையே பொட்டலம் கட்டற?"

"காத்து வருதுங்க. இங்க கைய வச்சிப் பாருங்க."

"வரட்டுமே. எங்க ஐயம்பேட்டையில பருத்தி நெய்யறவங்க. காத்துக்கெல்லாம் பயப்பட மாட்டோம். பட்டுக்காரங்க வூட்டுப் பொண்ணக் கட்டினா இப்படித்தான், இலை அசைஞ்சாலே கஞ்சிச் சட்டியத் தூக்கிக்கினு ஓடறது."

"உங்க ஊரு சேலைய முறுக்கிப் பிழிஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. என் பொண்ணு அப்படியா?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஜன்னலின் மேல்சட்டம் எனக்கு எட்டவில்லையே என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி, ஒரு செங்கல் அளவுக்குத் துளைபோட்ட தகடு ஒன்று இருந்தது. அதன் வழியாகக் குளிர் ஊசிபோல இறங்கியது. எந்த முட்டாள் சுவரில் வேண்டுமென்றே ஓட்டை வைத்துக் கட்டினான் என்று எண்ணிக்கொண்டே அதற்கு நாலு மடிப்புக் காகிதம் ஒட்டினேன். பிறகு ஊதுவத்தி ஏற்றிச் சுவரோரமாக நடந்தேன். புகை நேராக எழும்பியது.

மறுநாள் மிஸஸ் ஹோல்ட் தேநீருக்கு வந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து கோட்டைக் கழற்றினார். இந்தத் தெருவில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

5

கார்த்திகை பிறப்பதற்குள் உமா இருமத் தொடங்கினாள்.

முதலில் தொண்டைதான் என்றேன். பிறகு மிளகு ரசம் வைத்தேன். காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. நான் ஒட்டிய காகிதம் ஊறி, கஞ்சி புளித்து, அறையில் பழைய சோற்றுப் பானை வாடை அடித்தது. எலி ஒன்று ஜன்னலோரத்துக் காகிதத்தைக் கடித்து, கஞ்சியை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது. எங்கோ காற்று நுழைகிறது, அதனால்தான் குழந்தைக்கு இருமல் என்று நான் மேலும் மேலும் ஒட்டினேன்.

"அந்தப் பக்கம் இன்னும் வருதுங்க."

"எங்கருந்து வருது? நமக்கே மூச்சு விட எடமில்ல. இதுல காத்து எங்கருந்து வரும்?"

"அப்ப ஏன் இருமுறா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் சாயத்துல வேல பாக்கறவன்."

அவருக்கும் பயம்தான். பயந்தால் அவருக்குக் குரல் எழும்பும், எனக்குக் குரல் அடங்கும். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே குழந்தைகளை வீடு வீடாக வந்து பார்க்க ஒரு நர்ஸ் உண்டு. எங்கள் தெருவுக்கு மிஸ் டீன். சிரித்துக்கொண்டேதான் வருவார். ஆனால் கையிலிருக்கும் கோப்பில் எதையோ எழுதிக்கொண்டு போவார். இந்தத் தாய்க்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை என்று எழுதிவிட்டால்?

அந்த வாரம் அவர் வந்தபோது அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினார். உட்காரவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்து என்னிடம் காட்டினார். ஈரம்.

"இது எங்கிருந்து வருகிறது?"

"மழை" என்றேன்.

"மழை வெளியே பெய்கிறது, அம்மா." பிறகு அண்ணாந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, துளைத்தகட்டின் மேலிருந்த காகிதத்தைத் தம் கையாலேயே கிழித்தெடுத்தார். "அந்த ஹீட்டர் எரியும்போது காற்றைத் தின்கிறது, தண்ணீரைக் கக்குகிறது. இதை அடைத்துவிட்டு அதை எரித்தால் குழந்தை மட்டுமல்ல, நீங்கள் மூவருமே எழுந்திருக்க மாட்டீர்கள். இதை இனி அடைக்கவே கூடாது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவிடு."

"ஜன்னலையா? இந்தக் குளிரிலா?"

"இந்தக் குளிரில்தான்."

தலையை ஆட்டினேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவர்கள் பனியில் பிறந்தவர்கள், இவர்கள் குழந்தைகள் மழையில் வண்டியிலேயே தூங்கும், என் பெண்ணுக்கு அது தாங்குமா என்றுதான் நினைத்தேன். அவர் போன பிறகு அந்தத் துளைக்குக் கீழே நின்றேன். உச்சந்தலையில் குளிர் விழுந்தது. கட்டிலில் உமா இருமினாள். கிண்ணத்தில் மீதிக் கஞ்சி இருந்தது.

துளையை மறுபடி அடைக்க, நாற்காலி போட இடம் வேண்டுமே என்று உமாவின் கட்டிலை நகர்த்தினேன். அதன் பின்னால் சுவர் முழுவதும் கரும்புள்ளிகள்.

6

அந்தக் கறுப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சுவரில் அல்ல, சரிகையில்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் பட்டுப் பாவு ஈரத்தில் தொய்ந்துவிடும். நெய்ய முடியாது. அதைக் காயவைக்கப் பாவுக்கு அடியில் கரி போட்ட குமுட்டி அடுப்பை வைப்பார்கள். ஒரு வருஷம் எதிர்வீட்டில், சாரல் அடிக்கிறதே என்று குமுட்டியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். மாலையில் பார்த்தால் கரையில் ஓடிய சரிகை எல்லாம் கறுத்துக் கிடந்தது. பாதி நெய்த கல்யாணச் சேலை. அந்த வீட்டம்மா தெருவில் நின்று அழுதார். என் அம்மா எங்கள் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்:

"பாத்துக்கினீங்களா? குமுட்டி வச்சா வாசக்கதவு, பின்கதவு ரெண்டையும் தொறந்து போடணும். குளிருதுன்னு சாத்தக் கூடாது. நெருப்பு இருக்கிற வூட்டுல காத்து நடமாடணும். இல்லனா பாவு வேர்த்துப்பூடும்."

பாவு வேர்த்துப்போகும். நான் கட்டில் பின்னால் மண்டியிட்டு அந்த ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீடு ஒரு மாதமாக வேர்த்துக்கொண்டிருக்கிறது. ஹீட்டர் என்று பெயர் வைத்திருந்தால் என்ன, நடு அறையில் நான் வைத்திருந்தது குமுட்டிதானே. காஞ்சிபுரத்திலிருந்து ஆடியைக் கவனமாகக் கட்டி எடுத்துவந்திருக்கிறேன். ஐப்பசியை அங்கேயே விட்டுவிட்டேன்.

என் கணவர் வீடு திரும்பியபோது நான் நாற்காலி மேல் நின்று காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். உமா போலீஸ் நீல ரஜாய்க்குள் சுருண்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாச்சு தேவகி? நர்ஸ் எதுனா சொன்னாளா?"

"சொன்னா. அது இருக்கட்டும். ஏங்க, உங்க ஊர்ல மழைக்காலத்துல பாவுக்கடியில குமுட்டி வைப்பீங்களா?"

"வைப்போம்."

"வச்சா கதவு?"

அவர் ஹீட்டரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார்.

"அடச்சே, தெனம் பாத்துக்கினே இருந்தேனே" என்று அவரும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

கிழிப்பது ஒட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "நல்லாத்தான் ஒட்டியிருக்க. இந்த வூடு இடிஞ்சி விழுந்தாலும் இந்த ஜன்னல் நிக்கும்" என்றார். அன்று நான் சிரித்தேன்.

கதவடியில் போடும் துணி உருளைகளை மட்டும் வைத்துக்கொண்டோம். மாலையில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துவிடலாம். துளைத்தகடு திறந்தே இருக்கிறது. சுவரைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினேன். தினமும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்து, காபி ஆறும் நேரம் உட்கார்ந்துவிட்டு மூடுகிறோம். மூடிய பிறகு அறை முன்னைவிடச் சீக்கிரம் சூடாகிறது. காய்ந்த வீடு கொஞ்சம் கரியிலேயே சூடாகும்போலும். எண்ணெயும் குறைவாகத்தான் செலவாகிறது. இதை மிஸஸ் ஹோல்டிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானும் முழுக்க நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் ஜன்னல் கொக்கியில் கை வைக்கும்போது, இன்றைக்கு மட்டும் வேண்டாமோ என்று ஒரு நினைப்பு வரும்.

திறக்கும்போதெல்லாம் "ஐப்பசி வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே திறப்பேன். தைரியத்துக்காகத்தான். உமா அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது காலையில் எழுந்ததும் "அம்மா, ஐப்பசி ஓபன்" என்கிறாள். கார்த்திகை முடிவதற்குள் இருமல் குறைந்தது. போனதா, பதுங்கியிருக்கிறதா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

7

ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறை ஜன்னல்கள் மூடிக் கிடந்தன. குழாய்களில் வெந்நீர் ஓடி, உள்ளே புழுக்கம். உமா சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலைக் காட்டினாள்.

"ஐப்பசி, ப்ளீஸ்."

"என்ன கேட்கிறாள்?" என்றார் டாக்டர்.

"ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள்" என்றேன்.

"ஜன்னலுக்கு உங்கள் மொழியில் அப்படிச் சொல்வீர்களா?"

"இல்லை, அது ஒரு மாதம்."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார். டாக்டர் எழுந்துபோய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

உமாவின் சட்டையைக் கழற்றினேன். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு சட்டை. டாக்டர் முதுகில் குழலை வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். அவள் இழுத்தாள். நானும் இழுத்தேன், விட மறந்துவிட்டேன். இடத்தை மாற்றினார். மறுபடி இழுக்கச் சொன்னார். நெஞ்சுப் பக்கம் திருப்பினார். போன வருஷம் இந்த இடத்தில்தான் அவர் முகம் மாறியது. இன்று மாறவில்லை. ஆனால் மாறாததை நான் நம்பவில்லை.

"சத்தம் இல்லை. சுத்தமாக இருக்கிறது. இனி வர வேண்டியதில்லை" என்றார்.

என் கணவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் நின்றபடியே, "இன்னொரு முறை கேட்டுப் பார்க்க முடியுமா?" என்றேன்.

"ஏய்" என்றார் என் கணவர் தமிழில்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. குழலின் முனைகளைத் தம் காதிலிருந்து எடுத்து என் காதில் மாட்டினார். மறுமுனையை உமாவின் முதுகில் அவரே பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. காற்று. நான் பிறந்ததிலிருந்து கஞ்சியும் காகிதமுமாக அடைத்துக்கொண்டிருந்த அதே காற்று, என் பெண்ணின் நெஞ்சுக்குள் போய், எங்கும் தட்டாமல், வெளியே வந்துகொண்டிருந்தது. மறுபடி உள்ளே போனது. மறுபடி வந்தது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

உமா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, போதும்மா. சட்டையப் போடு. குளிருது."